நாய் குரைக்க ஆகும் காலம்

வால்பரைசோவில் விஞ்ச் ஓட்டுகிறேன்.
துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு, மேட்டிலிருந்து துறைமுகத்துக்கு.
ஒரு பெட்டி ஏற மறு பெட்டி இறங்கும்,
நடுவழியில் இரண்டும்
தோள் உரசாமல் விலகிப் போகும்.
பதினோரு வருஷமாக
இந்த ஊரில் என்னளவு ஏறியவளும் இல்லை,
என்னளவு எங்கும் போகாதவளும் இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்று.
வளைகுடா முழுக்க வாணவேடிக்கை.
டகோபெர்த்தோவின் அறையில்
மேசை இழுப்பறை திறக்கப்படவே இல்லை.
அதற்குள் என்ன இருக்கிறதென்று
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.
"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால்
மாத்திரை தந்திருப்பேன்," என்றாள் செவிலி உபெர்லிந்தா.
திட்டவில்லை.
பஸ் போய்விட்டது என்று சொல்லும் குரல்.
விரலில் ஒரு குத்து. கால்மணி நேரம்.
பட்டையில் ஒரே ஒரு கோடு.
எழுந்துவிட்டேன், கைப்பையைக்கூடத்
தோளில் மாட்டிவிட்டேன்.

"உட்கார்.
இது அந்த ராத்திரிக்கான பதில் இல்லை.
உன் அக்டோபருக்கானது.

இந்தப் பட்டை திருடனைத் தேடாது, யஸ்னா.
தெருவில் நாய் குரைத்ததா என்று
அக்கம்பக்கத்தில் விசாரிக்கும், அவ்வளவுதான்.
சில தெருவில் மூன்றாம் வாரமே குரைத்துவிடும்.
சில நாய்க்குத் தூக்கம் அதிகம்."

ஜனவரியில் தொண்டை கட்டியது.
மேட்டுக்குப் பின்னால் காடு எரிந்துகொண்டிருந்தது,
ஊரே இருமியது.
நான் மட்டும் என் இருமலுக்கு
வேறு பெயர் வைத்தேன்.
கழுத்தைத் தடவித் தடவி
இல்லாத கட்டியை வளர்த்தேன்.
டிக்கெட் சுருளின் ஓரத்தில்
நாள் எண்ணினேன். பதினேழு. இருபத்திரண்டு.
சில்லறை கேட்டவனிடம்
"முப்பத்தொன்று" என்றிருக்கிறேன்.

நாற்பத்தைந்தாம் நாள்
பிப்ரவரி பதினாலில் வந்து விழுந்தது.
இரண்டு வாளி ரோஜாவோடு ஒருவன் பெட்டியில் ஏறினான்.
எனக்கு நரம்பிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள்.
"இது ஆய்வகத்துக்குப் போகும்.
அங்கே நாயையும் கேட்பார்கள்,
மண்ணில் திருடன் காலடியையும் பார்ப்பார்கள்."
ஒரு வாரம் கழித்து, இல்லை என்று வந்தது.
"ஏறக்குறைய நிச்சயம்.
ஆனாலும் மூன்று மாசத்தில்தான்
நான் நோட்டை மூடுவேன்."
அந்த ஏறக்குறையவில்
மார்ச் முழுவதும் குடியிருந்தேன்.

தொண்ணூறாம் நாள். இல்லை.
"இதுதான் அந்த ராத்திரிக்கான பதில். போய் வா."

ஏப்ரலில் மறுபடி போனேன்.
பட்டை காலாவதியாகி இருந்தால்?
என் பெயரில் வேறொருத்தி ரத்தமென்றால்?
இல்லை.
மே மாதம் போனபோது
உபெர்லிந்தா ஊசியை எடுக்கவில்லை.
கையுறைகூடப் போட்டுக்கொள்ளவில்லை.
"ரத்தம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.
நீ அதனிடம்
வேறு எதையோ கேட்கிறாய்."

வீடு வரை நடந்தே போனேன்.
இழுப்பறை
கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
அன்று நானும் வாய் திறக்கவில்லை.
அதற்குப் பட்டை கிடையாது.

ஜூனில், மழை.
டகோபெர்த்தோ பெட்டிக்கு வெளியே நின்று
கண்ணாடியைத் தட்டினான்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"நீ சுத்தம்தானாமே?
அப்போ எனக்கும் ஒன்றுமில்லை."

கழுவி வைத்த தட்டா நான்?

"உன்னிடம் இருந்தும்
எனக்கு ஒட்டாமல் போயிருக்கலாம்.
என் ரத்தத்துக்கு
உன் வீட்டு நம்பர் தெரியாது.
கீழே இறங்கி இடது பக்கம்,
பூட்டுக் கடைக்கு அடுத்த கதவு.
ஐந்து மணி வரை திறந்திருக்கும்.
கடைசியாக யாரோடு, எந்தத் தேதி,
எல்லாம் கேட்பாள். பொய் சொல்லாதே,
கணக்கு அங்கிருந்துதான்."

ஏறவும் இல்லை, போகவும் இல்லை.
சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
உள்ளே ஆறு பேர் மணியைப் பார்க்கிறார்கள்.
மேலே இருக்கும் பெட்டி
என் பெட்டி கிளம்பினால்தான் இறங்கும்.

கதவை
இன்னும் கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.